சென்னியப்பன் பாதி

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு குட்டிகள் போய்விட்டன. விடிந்ததும் பட்டியைத் திறந்து ஆடுகளைக் கொறங்காட்டுக்குள் மேய விட்டுவிட்டு எருமையிடம் பால் பீய்ச்ச உட்கார்ந்தேன். சொம்பு நிறைவதற்குள் நாய்ச் சத்தம். கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கடித்துப் போட்டிருந்ததே ஒழிய ஒரு வாய்கூடத் தின்னவில்லை. தின்றிருந்தாலாவது பசி என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

நாய்கள் வந்த வழியில் சந்தேகமே இல்லை. சென்னியப்பன் பாதியில் இருக்கும் சந்துதான். எங்கள் காட்டுக்கும் அவர் காட்டுக்கும் நடுவில் ஓடுவது ஒரே கிளுவை வேலி. என் மாமனாரும் அவருடைய அப்பாவும் அண்ணன் தம்பிகள். பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு கல்லை நட்டு, கல்லுக்குத் தெற்கே வேலி எங்கள் பொறுப்பு, வடக்கே அவர்கள் பொறுப்பு என்று பேசிக்கொண்டார்களாம். எங்கள் பாதியில் ஓணான் நுழைய இடமில்லை. அவர் பாதியில் நான்கைந்து கிளுவை பட்டுப்போய் ஆளே குனிந்து வரலாம் போல ஒரு வாசல்.

கோபத்தில் மகன் நவநீதனுக்குப் போன் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

"இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா ஆட்டையெல்லாம் வித்துப்போட்டுத் திருப்பூர் வந்துரும்மா. ஒத்தையில கெடந்து நாயோட மல்லுக்கட்டோணும்னு உனக்கென்ன தலையெழுத்து?"

சரி என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்துவிட்டது. அவன் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. பால்கனியில் நின்றால் எதிர்வீட்டுப் பால்கனி தெரியும். அங்கே போய் நான் என்ன செய்வேன்? துணி மடிப்பேன். ஆடு இருக்கிற வரைக்கும்தான் நான் இங்கே இருக்க ஒரு காரணம் இருக்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

மார்ச் 5, புதன்

குட்டிகளைப் புதைத்தேன். தாய் ஆடு இரண்டும் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தன. காது கொடுத்துக் கேட்க முடியாமல் ரேடியோவை வைத்தேன்.

வேலிச் சந்தை நானே அடைத்துவிடலாம். முள்ளுக்கா பஞ்சம்? ஆனால் அடுத்தவர் பாதியில் நாம் முள் வைத்தால், பாகத்தையே ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். எல்லையைத் தள்ளப் பார்க்கிறாள் என்று பஞ்சாயத்தே கூடிவிடும். அவர் அடைக்க வேண்டும், அல்லது நான் கேட்டு அவர் சரியென்று சொல்ல வேண்டும். கேட்பதற்கு வழியில்லை. ஆறு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் தண்ணீருக்குப் போர் போட்டதில் ஆரம்பித்தது. எங்கள் இடத்தில், எங்கள் செலவில், வேலியிலிருந்து தள்ளித்தான் போட்டார். ரொம்பத் தள்ளி என்று சொல்ல முடியாது. அந்தக் கோடையில் சென்னியப்பன் கிணறு வற்றியது. ஊரில் எத்தனையோ கிணறு வற்றியிருக்கிறது. இவர் மட்டும் எங்கள் போர்தான் உறிஞ்சிவிட்டது என்று பால் சொசைட்டியில் நின்று பேசினார். அன்றோடு விட்டது. பேச்சில்லாத வீட்டில் நாங்கள் ஒருவாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம். எங்கள் வீட்டுக்காரர் இறந்தபோது வந்தார், வாய்க்கரிசி போட்டார், பங்காளி முறைக்கு நிற்க வேண்டிய இடத்தில் நின்றார், என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவருக்கு நான் அண்ணன் பெண்டாட்டி, நங்கை என்று கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவராகப் பேசாமல் நான் பேசுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மார்ச் 8, சனி

பால் வண்டி மயில்சாமியிடம் சொல்லியனுப்பினேன். இரண்டு வீட்டுக்கும் போகிற ஒரே வாய் அதுதான். ஒன்று சொன்னால் மூன்றாகச் சேர்த்துச் சொல்லும் என்பதால் சின்னதாகச் சொன்னேன்: வேலிச் சந்தை அடைக்கச் சொல், நாய் வருகிறது.

சாயங்காலம் பதில் வந்தது. "ஆள் கெடைக்கலியாமாங். கெடைச்சா பாக்கறாராமாங்."

முள் வெட்டி வைக்க ஆளா? அந்த மனிதர் வாலிபத்தில் ஒரே நாளில் ஒரு காட்டைச் சுற்றி வேலி கட்டியவர்.

மார்ச் 9, ஞாயிறு

ஆட்டுத் தொட்டி மறுபடியும் காலி. நேற்றுப் பொழுதோடு நிரப்பியது. எங்கேயோ வெடிப்பு.

மார்ச் 12, புதன்

சிமென்ட் குழைத்துத் தொட்டிக்கு உள்ளே பூசினேன். வெடிப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் பூசிவிட்டேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது.

மயில்சாமி இரண்டாவது பதில் கொண்டுவந்தான். கிளுவை இலை உதிர்ந்து கிடக்கிறது, மழைக்கு முன்னால் கிளையைப் போத்தாக வெட்டி நட்டால்தான் பிடிக்கும், அதுவரைக்கும் பொறுக்கச் சொல் என்றாராம். போத்து நடுவது எனக்குத் தெரியாதா? அதுவரைக்கும் நாலு கருவேல முள்ளை இழுத்துப் போட்டால் கை தேய்ந்துவிடுமா? பால்வாடியில் முப்பது வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். வயிற்றுவலி என்று சொல்கிற பிள்ளைக்கு உண்மையிலேயே வயிற்றுவலியா, வீட்டுக்குப் போகிற ஆசையா என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். இவர் முகத்தைப் பார்க்க வழியில்லாமல் போய்விட்டது.

பதிவேடு எழுதிப் பழகிய கை, உரக்கடை டைரி கிடைத்ததும் இப்படி நீட்டிக்கொண்டே போகிறது.

மார்ச் 16, ஞாயிறு

இன்றைக்கு நேராகவே கேட்டுவிட்டேன். நேராக என்றால் ஆட்டிடம்.

மத்தியானத்துக்கு முன்னால் வேலிப்பக்கம் போனேன். அந்தப்பக்கம் அவர் தன் மயிலைக் காளையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேய்ந்த மொட்டைக்காது ஆட்டைப் பார்த்து, அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"ஏன் புள்ள, ஊட்டுக்குக் கதவு வெக்காதவங்களப் பாத்திருக்கறயா? நாய்க்கு வெத்தல பாக்கு வெச்சுக் கூப்புடறவங்களப் பாத்திருக்கறயா?"

மொட்டைக்காது மேய்ந்துகொண்டே இருந்தது. அவர் திரும்பவில்லை. காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டு அதனிடம் சொன்னார்.

"ஏண்டா, நாயி ரோட்டுப்பக்கமிருந்து நம்ம காட்டுக்குள்ள பூந்துதான அக்கட்டால போகுது. நம்முளுதும் ஆடுதான. நாம என்ன கூப்பாடா போடறோம்?"

"கூப்பாடு போடாதவங்க ரோட்டுப்பக்க வேலியயாச்சும் அடைக்கலாமல்ல புள்ள?"

"அது கல்லுக்காடுடா. தண்ணி ஊத்துனாத்தான் கிளுவை பிடிக்கும். தண்ணிக்கு எங்க போறது?"

அதற்குமேல் மொட்டைக்காதும் நகர்ந்துவிட்டது, நானும் வந்துவிட்டேன். கோழிக்கடைக்காரர்கள் ரோட்டோரம் கழிவைக் கொட்டிக் கொட்டித்தான் இந்த நாய்கள் கூடின. அதற்கு அவரை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் என்று அந்த இழுவை இழுத்தாரே, அது எனக்காகச் சொன்னதுதான்.

மார்ச் 20, வியாழன்

நாய் வருகிறதா என்று பார்க்க மத்தியானம் வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்தேன். நாய் வரவில்லை. வேறொன்று வந்தது.

உச்சி வெயிலில் சந்துக்குள்ளிருந்து மணி கட்டிய ஒரு கிழட்டு ஆடு தலையை நீட்டியது. சென்னியப்பன் ஆடு. இந்தப்பக்கம் அந்தப்பக்கம் பார்த்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய பட்டி முழுக்க எங்கள் காட்டுக்குள் வந்து, நேராகத் தொட்டிக்குப் போய், தலையை முட்டிக்கொண்டு குடித்தது. ஒரு வாய்ப் புல்லைத் தொடவில்லை. குடித்து முடித்ததும் கிழட்டு ஆடு திரும்பியது, மற்றதெல்லாம் பின்னாலேயே போனது. பழகின நடை, இன்றைக்கு நேற்று வந்த நடை இல்லை. சந்துக்கு அந்தப்பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

விரட்டத்தான் எழுந்தேன். பக்கத்தில் கல் எதுவும் கிடைக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

காலையிலும் மத்தியானத்துக்கு முன்னாலும் தொட்டியை நிரப்பினேன். வெயில் காலத்தில் நம் ஆட்டுக்குத் தண்ணீர் கூடத்தான் வேண்டியிருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

நவநீதன் வந்தான். மருமகள் வரவில்லை, தலைவலியாம். கறிக்குழம்பு வைத்தேன். சாப்பிடுவதற்கு முன்னாலேயே காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்துவிட்டான்.

"அந்தச் சந்த ஏம்மா இன்னும் உட்டு வெச்சிருக்கற?"

"அது அவங்க பாதி."

"நான் போயிச் சித்தப்பாகிட்டப் பேசறேன்."

"நீ எதுக்குப் பேசோணும்? வேண்டாம்."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு தலையை நிமிர்த்தாமல், "அவரு கெணறு வத்துனது நம்ம போர்னாலதானம்மா. அப்பாவே என்கிட்டச் சொன்னாரு" என்றான்.

குழம்பு போதுமா, ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். ரசம் ஊற்றினேன்.

கிளம்பும்போது, பஸ் ஏறுகிற இடத்தில் வைத்து மறுபடியும் சொன்னான். "இன்னொருக்கா நாய் கடிச்சுதுன்னா நான் கேக்க மாட்டேன், யாவாரிய அனுப்பிருவேன்." நல்ல பிள்ளைதான். பயத்தில் பேசுகிறான். பயத்தில் பேசுகிறவர்களோடு வாதாட முடியாது.

எங்கள் வீட்டுக்காரர் அவனிடம் எப்போது சொன்னார்? என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஏப்ரல் 2, புதன்

மறுபடியும். விடியற்காலையில் நாய் வந்து மொட்டைக்காதின் தொடையைக் கிழித்துவிட்டது. இந்தத் தடவை நான் காட்டுக்குள்ளேயே நின்றிருந்ததால் உயிர் தப்பியது. கம்பு உடைகிற அளவுக்கு ஒரு நாயை அடித்தேன். அது சந்து வழியாகத்தான் ஓடியது. டாக்டர் வந்து ஊசி போட்டுத் தையல் போட்டார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் நான் போட்டேன்.

நவநீதனுக்குச் சொல்லவில்லை. மயில்சாமி சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வியாபாரி வருகிறாராம்.

உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. வேலியோரமாகவே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். காலில் முள் ஏறியதுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

அடைத்துவிட்டேன்.

பஞ்சாயத்து கூடினால் கூடட்டும் என்று துணிந்து அருவாளையும் கவைக்கோலையும் எடுத்துக்கொண்டு போனேன். ஓடைப்பக்கம் சீமைக்கருவேல முள்ளை வெட்டி இழுத்து வந்து, அடிக்கட்டை எங்கள் பக்கமும் கொப்பு அவர் பக்கமுமாகத் திணித்து, கவைக்கோலை வைத்து மிதித்து அமுக்கினேன். ஒரு கோழிகூட நுழைய முடியாது. மேலே கல்லும் வைத்தேன்.

பாதி வேலையில் அவர் வந்தார். என்ன செய்கிறாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். சத்தம் போடுவார் என்றுகூட நினைத்தேன், அதற்குப் பதில் தயாராகவே வைத்திருந்தேன். காளையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதனிடம் சொன்னார்.

"இந்த வெயிலுக்கு ஒரு உசுரு தண்ணியில்லாம கெடக்குமாடா?"

எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. கவைக்கோல் கையில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், முழுதாகக்கூட வேண்டாம், நங்கை என்று கூப்பிட்டால் போதும், முள்ளை அப்படியே போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். காளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அடுத்த முள்ளை எடுத்தேன்.

குழாயை நீட்டி வேலிக்கு மேலே போட்டுவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. கேட்காதவருக்குக் கொடுத்தால் பிச்சை போட்ட மாதிரி ஆகிவிடும். கேட்கட்டும்.

ஏப்ரல் 5, சனி

தொட்டி சாயங்காலம் வரைக்கும் நிறைந்தே இருக்கிறது. பூசிய சிமென்ட் இப்போதுதான் பிடித்திருக்கிறது போலிருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

வியாபாரி வந்தார். ஆட்டின் முதுகெலும்பை அழுத்திப் பார்த்தார், குட்டியைத் தூக்கிப் பார்த்தார். வேலியைக் காட்டி, "அடைச்சாச்சு, இனி நாய் வராது, ஆடு விக்கறதில்ல" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினேன். நவநீதனிடமும் போனில் சொன்னேன். "சரி, பாக்கலாம்" என்றான். ஜெயித்தாகிவிட்டது. மூன்றாவது மாடி வேண்டாம். இங்கேயே இருக்கலாம்.

அதற்கு ஒரு பாயசம் வைத்துச் சாப்பிட்டிருக்க வேண்டும். பழைய சோறுதான் சாப்பிட்டேன், அதுவும் இறங்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மத்தியானம் அந்த மணிச்சத்தம் வருகிறது. முள்ளுக்கு அந்தப்பக்கம் வந்து நின்று கத்துகிறது. மற்றதும் சேர்ந்து கத்துகிறது. கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து ஓட்டிக்கொண்டு போகிறார். சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டி ஊர்க் குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறாராம். மயில்சாமி சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான். அத்தனை ஆட்டுக்கு எத்தனை குடம் சுமப்பார்?

இது அவராகத் தேடிக்கொண்டது. ஒரு வார்த்தை.

வடக்குப் பக்கம் ஜன்னலைச் சாத்தி வைத்துவிட்டுச் சமைத்தேன். அடுப்படி வெந்துபோனது.

ஏப்ரல் 10, வியாழன்

வலது கையில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன், பால்வாடிப் பிள்ளை எழுத்து.

மத்தியானம் மணிச்சத்தம் வழக்கமாக வருகிற மாதிரி வரவில்லை, ஓடி வந்தது. நாய்ச் சத்தமும் கூடவே. நாய்கள் ரோட்டுப்பக்கமிருந்து அவர் காட்டுக்குள் இறங்கிவிட்டன. அவர் ஊர்க் குழாயடியில் இருந்திருக்கிறார். ஆடுகளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இத்தனை நாளும் அந்தச் சந்து வழியாகத்தான் என் பக்கம் வந்து பிழைத்திருக்கின்றன என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எல்லாம் சேர்ந்து அங்கேதான் ஓடி வந்தன.

நான் வைத்த முள் நன்றாகவே வைக்கப்பட்டிருந்தது.

முன்னால் வந்தது முள்ளில் ஏறியது, பின்னால் வந்தது அதன்மேல் ஏறியது. நாய்களுக்குத் துரத்தவே வேண்டியிருக்கவில்லை, வேலிக்குப் பக்கத்தில் நின்று கடித்தால் போதுமாக இருந்தது. நான் இந்தப்பக்கமிருந்து இழுத்தேன். கவைக்கோல் எங்கே என்று தேடத் தோன்றவில்லை, கையால் இழுத்தேன். உள்ளங்கை, முழங்கை எல்லாம் கிழிந்தது. அமுக்கி மிதித்து வைத்த முள் அவ்வளவு சீக்கிரம் வராது. குட்டி நுழைகிற அளவு வழி கிடைத்ததும் ஒரு குட்டியைக் காலைப் பிடித்து இழுத்தேன். பிறகு இன்னும் கொஞ்சம். ஐந்தாறு இந்தப்பக்கம் வந்தன. வந்தது வந்தபடி தொட்டிக்கு ஓடின, ரத்தத்தோடு.

அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து நாய்களை விரட்டியபோது வேலியோரத்தில் அசையாமல் கிடந்தது நிறைய. எண்ணவில்லை. எண்ண மாட்டேன்.

முள்ளை முழுக்கப் பிரித்துவிட்டுச் சந்தில் நின்றேன். திட்டுவார் என்று நின்றேன். திட்ட வேண்டும் என்றும் இருந்தது. மணி கட்டிய கிழட்டு ஆட்டை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்து கிழிந்திருந்தது, கண் திறந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தார்.

"நங்கை, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

ஊற்றினேன். கையால் அள்ளி அதன் வாயில் விட்டார். இரண்டு மிடறு குடித்தது, மூன்றாவது வெளியே வழிந்துவிட்டது. அவர் அங்கேயே தொட்டியோரம் உட்கார்ந்துகொண்டார்.

ஆறு வருஷமாக அவர்தான் முதலில் பேச வேண்டும் என்று இருந்தேன். பேசிவிட்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

போக வேண்டும். காலையில் வேலி வரைக்கும் போனேன், திரும்பிவிட்டேன். மத்தியானம் போனேன், அவர் குழி வெட்டிக்கொண்டிருந்தார். பொழுதோடு போகலாம் என்று இருந்தேன். அப்போதும் போகவில்லை. என்ன சொல்வது?

ஏப்ரல் 12, சனி

காலையில் அவர் வாசலில் வேன் சத்தம். எனக்கு வந்த அதே வியாபாரி. புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, சந்து வழியாகவே அவர் காட்டுக்குள் நடந்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை. கிணற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். எட்டிப் பார்த்தேன். அடியில் எருக்கஞ்செடி முளைத்திருக்கிறது. நடையை வேகமாக்கினேன், ஆனாலும் வாசலுக்குப் போவதற்குள் வேன் போய்விட்டது. மிச்சமிருந்ததை எல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டார். வெறும் பட்டியில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்கியது. இரண்டு நாளாக என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். வந்தது இதுதான்.

"தம்பி, தண்ணி இருக்குது. எப்ப வேணும்னாலும் ஆட்ட உடுங்க."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கயிற்றை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

"இப்ப எதுக்குங் நங்கை? குடிக்க ஆடு வேணுமில்லைங்?"

வந்த வழியே திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன். எங்கள் வீட்டுக்காரர் இறந்தபோதுகூட இப்படி அழவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

விடிந்ததும் பட்டியைத் திறந்தேன். ஆடுகள் வழக்கம்போல வேலமரத்துப் பக்கம் போயின. கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் போய் மறித்து, வடக்கே திருப்பினேன். மொட்டைக்காது நொண்டிக்கொண்டே முதலில் வந்தது. சந்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டது, மற்றதும் நின்றன. இரத்த வாடை போகவில்லை. ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்து அந்தப்பக்கம் தள்ளினேன். குட்டிகளைத் தூக்கி விட்டேன். என்னிடம் இருந்த எல்லாவற்றையும் அவர் காட்டுக்குள் ஓட்டிவிட்டேன். அங்கே கொழுக்கட்டைப் புல் இன்னும் மிச்சம் நிற்கிறது, தின்ன வாயில்லாமல். இறங்கியதும் மேய ஆரம்பித்துவிட்டன.

நவநீதனுக்குத் தெரிந்தால் இன்றைக்கே கிளம்பி வந்துவிடுவான். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவர் வாயில் பல்குச்சியோடு ஓடி வந்தார்.

"நங்கை, ஆடு பூராம் இக்கட்டால வந்துருச்சுங்."

"நாந்தான் ஓட்டியுட்டேன். மேயட்டும்."

"ரோட்டுப்பக்கம் தொறந்து கெடக்குதுங். நாயி வருமுங்."

"வரும்."

ஆடுகளைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். பல்குச்சியைத் துப்பினார்.

"நங்கை, சொன்னாக் கேளுங்க. கடிச்சுப்போடும். ஓட்டிக்கிட்டுப் போயிருங்."

"நான் ஓட்ட மாட்டேன். அப்ப வேலியக் கட்டுங்க, தம்பி."

முள் வெட்ட அருவாளை எடுக்க வீட்டுக்குள் போனார்.